டயரை அமுக்கிப் பார்க்கிறவர்கள்

என் சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்க்காத கட்டைவிரல் காஞ்சிபுரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. டீக்கடை வாசலில் நிறுத்தினால் ஒருவர் எழுந்து வந்து அமுக்குவார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால், முன்னே பின்னே தெரியாத ஒருவர் குனிந்து அமுக்கிக்கொண்டிருப்பார். அமுக்கிவிட்டு ஒரு தடவை தலையை ஆட்டுவார். "காத்து கம்மியா இருக்குதும்மா" என்பார். நான் கேட்டேனா என்று யாரும் யோசிப்பதில்லை. வெற்றிலை குதப்பிய வாய், அந்த வாயைத் துடைத்த விரல், அதே விரல் என் டயரில். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி எடுத்துத் துடைப்பேன்.

வெளியாட்களின் விரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது ஒரு நிமிஷச் சமாசாரம். என் மூத்தாரின் விரல் அப்படியில்லை, அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மூத்தார் என்றால் என் கணவருக்கு அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்களோடுதான் சாப்பாடு, எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தறி. நல்ல நெசவு, அதில் குறை சொல்ல முடியாது. மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே இழுத்து, கண்ணில் தண்ணீர் வர ஒரு தும்மல் போட்டு, பிறகு அந்த இரண்டு விரலையும் வேட்டியில் தேய்த்துக்கொள்வார். தறியில் உட்காரும் முன் மட்டும் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவுவார். பட்டுக்கு அந்த மரியாதை. என் டயருக்குக் கழுவாத கை.

சைக்கிள் என் மகளுடையது. பெங்களூரில் வேலைக்குப் போனபோது வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லை என்று ஒரு தடவை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், வெள்ளை ரிம். எனக்கு நாற்பத்தாறு வயசு. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "நடங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க, எதையாவது பண்ணுங்க" என்று டாக்டர் சொன்னார். நடக்க எனக்குப் பிடிக்காது. சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஏறினேன். தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். காலையில் ஏனாத்தூர் வரைக்கும் போய் வருவேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் மாகறல். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போகிற வழியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முகூர்த்த நாளுக்கு மறுநாள் கல்யாண மண்டபங்களின் பின்வாசலைத் தாண்டிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எச்சில் இலை மலையாகக் கிடக்கும், அதன் மேல் மாடு, மாட்டுக்குக் கீழே நாய், சாம்பார் ரோட்டின் பாதி வரைக்கும் ஓடியிருக்கும். சுற்றுலா பஸ் ஜன்னலிலிருந்து யாராவது வாய் கொப்பளித்துத் துப்புவார்கள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள், அது ஒரு மழைக்கு உள்வாங்கியிருக்கும். வேகத்தடை என்ற பெயரில் அவரவர் வீட்டு வாசலில் கொட்டிய சிமெண்ட் மேடுகள். இத்தனைக்கும் மேலே நான் கல் மாதிரி இறுகின டயரில் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பைக் கொடுத்தவர் மூத்தார். டயரின் ஓரத்தில் காற்றழுத்தம் அதிகபட்சம் 115 என்று அச்சடித்திருக்கிறது. அதை அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். அதிகபட்சம் என்பது அவருக்குக் கட்டளையாகத் தெரிந்தது. "நூத்திப் பத்துக்குக் குறையக் கூடாதும்மா. பாவு தொஞ்சிருந்தா துணி என்ன ஆவும்? டயருக்கும் அதே கதைதான்" என்றார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள். அது விறைப்பாக இருந்தால் நல்ல நெசவாளி, தொய்ந்திருந்தால் சோம்பேறி. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உலகத்தில் இழுத்துக் கட்டக்கூடிய எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். கொடிக்கயிறு, கட்டில் நாடா, இப்போது டயர். நானும் அந்தத் தெருக்காரிதான். அவர் சொன்னது சரியாகப் பட்டது.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் பாவு பிணைக்கிறவள். தறியில் ஒரு பாவு நெய்து முடிகிற நேரத்தில், மிஞ்சியிருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போடக் கூடாது. சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, அவ்வளவுதான். அந்த முறுக்கு, சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பற்களைத் தாண்டி வர வேண்டும், அவிழக் கூடாது. கண் பாதிதான் பார்க்கும், மீதியைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் பார்க்கும். இழை சிக்கியதா, இரண்டாகப் பிடித்தோமா என்று விரல் நுனிக்குத்தான் தெரியும். தெருவில் பாதித் தறிகளுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த மூன்று விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன.

முதலில் சைக்கிளை விட்டு இறங்கியதும் கொஞ்ச நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு மத்தியானம் வரைக்கும் நீடித்தது. பிறகு போகவேயில்லை. பால் பாத்திரம் சுடுவதுகூடத் தாமதமாகத்தான் தெரிந்தது. டாக்டரிடம் போனேன். அவர் என் விரல்களில் பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார், கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். "ரெண்டு காரணம் இருக்கலாம். சைக்கிள்ல கை அதிர்றது ஒண்ணு. அது சரியாயிடும். இன்னொண்ணு சக்கரை, அது நரம்பைப் பிடிச்சிருந்தா போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். ரெண்டு மாசம் அதிர்வைக் குறைச்சு ஓட்டிப் பாருங்க. அப்பவும் குறையலன்னா சக்கரைதான்னு வெச்சிக்கலாம்" என்றார். ஓட்டுவதை நிறுத்தலாமா என்று கேட்டேன். சர்க்கரை மறுபடியும் ஏறும், அது வேண்டாம் என்றார்.

மகளுக்கு போன் போட்டேன். "அம்மா, எவ்ளோ காத்து வெச்சிருக்க?" என்று கேட்டாள். சொன்னேன். "நூத்திப் பத்தா?" என்றாள். பிறகு, "உன்னோட வெயிட்டுக்கும் அந்த ரோட்டுக்கும் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும்மா. டயர் கொஞ்சம் அமுங்கி மேட்டை வாங்கிக்கணும். கல்லா இருந்தா எல்லாத்தையும் உன் கைக்குத்தான் அனுப்பும்" என்றாள். காற்றை ஏற்றினால் வேகமும் ஒன்றும் அதிகமாகாதாம். கல் மாதிரி டயர் ரோட்டில் குதிக்கும், குதிக்கிற குலுக்கலைத்தான் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோமாம். ஆள் கனம் பின்பக்கம்தான் அதிகம் உட்காருகிறது, அதனால் முன்னே கொஞ்சம் குறைவு, பின்னே கொஞ்சம் அதிகம். ஒரே நாளில் இறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வா, ரிம் தரையில் இடிக்கிற மாதிரி தெரிந்தால் திரும்ப ஏற்றிக்கொள் என்றாள்.

அப்படியே செய்தேன். இந்த சைக்கிளின் வால்வு மெலிசு, வீட்டிலிருக்கும் ஸ்கூட்டர் பம்பு அதன் மேல் உட்காராது. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் திருகாணி மாட்ட வேண்டும். அதை மகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், பம்பிலேயே தொங்கும். பம்பில் அளவு காட்டும் முள் உண்டு. தினமும் சாயங்காலம் முள்ளைப் பார்த்துக் கொஞ்சம் குறைப்பேன், காலையில் ஓட்டுவேன். படிப்படியாக அறுபதுக்கும் கீழே போய்விட்டேன். அந்த அளவில்தான் மாகறல் ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. ரிம் இடித்தது, டியூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மூத்தார் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "நான் சொல்லிக்கினே இருந்தேன்" என்றார். சிட்டிகையை மூக்கில் வைத்து இழுத்தார். குனிந்து, செத்துப்போன டயரை அந்த விரலால் ஒரு தடவை அமுக்கினார்.

பஞ்சர் ஒட்டியபின் அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். முன்னே அறுபத்தைந்து, பின்னே எழுபது. மகளும் அதுதான் சரி என்றாள். இனி இதைத் தொட வேண்டாம், இரண்டு மாசம் இதே அளவில் ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவு பண்ணினேன். சாயங்காலம் முள்ளைப் பார்ப்பேன், ஏறியே இருக்கும். வெயிலில் நின்றிருக்கிறது, சூட்டுக்குக் காற்று உப்பும் என்று படித்திருந்தேன், எவ்வளவு உப்பும் என்று அதில் போட்டிருக்கவில்லை. அதனால் ஏறியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் இறக்கி வைப்பேன். விடிகாலையில் குளித்துவிட்டு வந்து ஓட்டுவேன்.

விரல்கள் தேறவில்லை. முதல் மாசம் போனது. இரண்டாம் மாசமும் பாதி போனது. இரண்டு வீடு தள்ளி நான் பிணைத்த பாவு ஒன்று, அச்சைத் தாண்டி வரும்போது கொத்தாக அவிழ்ந்தது. அந்த வீட்டம்மா சண்டை போடவில்லை. "என்னாம்மா, உடம்புக்கு முடியலியா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த பாவுக்கு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. சர்க்கரைதான், நரம்பு போய்விட்டது, இனி இந்தக் கை இப்படித்தான் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அரிசியைத் தடவித் தடவிப் பார்ப்பேன். கல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் அரிசியை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வெள்ளை ரிம்மில் தினமும் காலையில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். அமுக்கும்போது ஆள்காட்டி விரல் படுகிற இடம். நேற்று அமுக்கியிருப்பார் என்று துடைத்துவிட்டுப் போய்விடுவேன். நானும் டயரை அமுக்கிப் பார்த்ததுண்டு. என் கட்டைவிரலுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

ஒரு நாள் விடிகாலையில் கரண்ட் போனது. தினமும் நான் குளிக்கும்போது தண்ணி மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது. அன்றைக்கு மோட்டார் இல்லை. தொட்டித் தண்ணியை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே புஸ், புஸ் என்று சத்தம். ஈரத் தலையோடு வந்து பார்த்தேன். மூத்தார் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். முள் நூற்றுப் பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?" என்றேன்.

"நீ சொன்னா கேக்க மாட்ட. அதான் நானே பாத்துக்கினு இருக்கேன்" என்றார். முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. "அன்னைக்கு பஞ்சர் ஆச்சே, மறுநாள்லேர்ந்து தெனம் வெக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு தபா பஞ்சர் ஆயிருக்குதா, சொல்லு."

கோபம் என்று சொன்னால் குறைவு. கோபத்தில் ஒரு சூடு இருக்கும், கத்தலாம். இது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சோற்றில் யாரோ கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தது இத்தனை நாள் கழித்துத் தெரிந்த மாதிரி இருந்தது. என் விரல் செத்துவிட்டது என்று நான் அழுத ஒவ்வொரு நாளும், காலையில் இவர் பொடி விரலோடு என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் விரல் பிழைக்குமா என்று பார்க்கிற பரிசோதனை அந்த இரண்டு மாசம். அதன் நடுவில் இந்த மனுஷர் உதவி செய்துகொண்டிருந்தார்.

கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் கண்ணைக் கசக்கினார். "அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றார். பிறகு, "காத்துதானே" என்றார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்த வார்த்தை அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றிய பாவின் மேல், கேட்காமல் அடுத்தவர் கை வைக்க மாட்டார்கள். சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி. எவ்வளவு இழுப்பு வைப்பது என்பது அவனவன் கைக்கும் அடிக்கும் ஏற்ற விஷயம். அதில் விரல் வைப்பது, உனக்கு நெசவு தெரியாது என்று முகத்தில் சொல்கிற மாதிரி. பாவு பிணைக்கப் போகிற நான்கூட, "கை வெக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

அன்றைக்கு அவர் டிபன் சாப்பிட்டு, கையை முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, தறியில் உட்கார்ந்தார். நான் எதிரே போய் நின்றேன். கேட்கவில்லை. விரித்த பாவின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன்.

"இழுப்பு கம்மியா இருக்குது மாமா" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "யாரைக் கேட்டு பாவுல கை வெச்ச?" என்று கத்தினார். எழுந்திருக்கப் போய்த் தறியின் மிதிக்கட்டையில் கால் மாட்டிக்கொண்டது. கணவர் ஓடி வந்தார், அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. "என் தறி அது. எனக்குத் தெரியாதா எவ்ளோ வெக்கணும்னு? உனுக்கு இன்னா தெரியும் நெசவு?" என்று கத்திக்கொண்டே, என் விரல் பட்ட இடத்தை மேல் துண்டால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நல்லதுக்குத்தான் மாமா" என்றேன்.

கணவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். மூத்தாருக்குப் புரியவில்லை. "அது வேற, இது வேற" என்றார். இன்று வரைக்கும் அவருக்கு அது வேற, இது வேறதான்.

நான் பம்பிலிருந்து அந்தப் பித்தளைத் திருகாணியைக் கழற்றினேன். அதில் ஒரு நூலைச் சுற்றி, தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கோடு ஊக்காக மாட்டிக்கொண்டேன். அது இல்லாமல் அந்த டயருக்குள் ஒரு மூச்சுக் காற்றும் போகாது. கழுத்துக்குக் கீழே ரவிக்கைக்குள் அது சில்லென்று கிடந்தது. எந்த ஆணும் அங்கே கை நீட்ட முடியாது. சைக்கிளை வெளியே விட்டுவிட்டுப் போகிறபோது பயமே இல்லை.

கொஞ்ச நாளில் எறும்பு ஊர்வது திரும்பி வந்தது. மரத்துப்போனதிலிருந்து திரும்புகிறபோதும் அதே எறும்பு வழியாகத்தான் வர வேண்டும் போலிருக்கிறது. பிறகு பால் பாத்திரம் சுட்டது, நன்றாகவே சுட்டது. அரிசியில் கல் தெரிந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த அம்மாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டாள். நானும் ஒன்றும் நடக்காத மாதிரிப் போனேன்.

அதற்குள் மூத்தாரின் பாவும் முடிந்துவிட்டது. இரண்டு நாள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வேறு யாரையாவது கூப்பிட்டால் ஏன் என்று தெருவே கேட்கும். மூன்றாம் நாள், "ஏம்மா, பாவு பிணைக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

"கை வெக்கலாமா?" என்று கேட்டேன்.

மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வைம்மா" என்றார்.

நாள் முழுக்க உட்கார்ந்து பிணைத்தேன். ஒரு இழைகூட அவிழவில்லை. அச்சைத் தாண்டிப் பாவு வந்தபோது அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலையில் சைக்கிளை எடுக்கப் போனேன். வெள்ளை ரிம்மில் அந்தப் பழுப்புக் கறை. புதுசு, இன்னும் ஈரம். காற்று நான் வைத்த அளவில்தான் இருந்தது, அமுக்க மட்டும்தான் முடிந்திருக்கிறது. துணி தேடப் பொறுமை இல்லை, விரலாலேயே துடைத்தேன். வழவழவென்று இருந்தது, அந்த வழவழப்புக்குள் பொடியின் நறநறப்பு, ஒவ்வொரு துகளும் தனித்தனியாக விரல் நுனியில் தெரிந்தது. சே என்று வந்தது. கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். பாதி வழியில் நின்று, அந்த இரண்டு விரலையும் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தேன். பிறகுதான் கழுவினேன்.